டூட்டி அக்காவுக்கு வந்த பார்சல்

‘டூட்டி’ என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு அர்த்தம். இரண்டும் எங்கள் ஆபீசில் தினமும் முட்டிக்கொள்ளும்.

“வெளிநாட்டுப் பார்சல் ஆபீஸ்லேருந்து பேசறேங்க. உங்களுக்கு டூட்டி வந்திருக்கு” என்பாள் அக்கா, ஹெட்போனைக் காதில் சரிசெய்துகொண்டே.

“மறுபடியுமா? இப்பதாங்க நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து படுத்தேன்” என்று அந்தப் பக்கத்தில் ஒருவர் அலறுவார். இன்னொருவர், “என் டூட்டியெல்லாம் முடிஞ்சு ரிட்டயர் ஆகி உக்காந்திருக்கேன்மா, வேற யாரையாவது கூப்பிடு” என்று வைத்துவிடுவார். ஒரு நாள் மேனேஜருக்குத் தமிழ்ப்பற்று பொங்கி, இனிமேல் ‘சுங்க வரி’ என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். அக்காவும் சொல்லிப் பார்த்தாள். “சுங்கமா? என்கிட்ட காரே கிடையாதேங்க, எந்த ரோட்ல போனேன்னு சொல்றீங்க?” என்று ஓர் அம்மாள் சண்டைக்கு வந்துவிட்டார். மேனேஜர் கப்சிப். டூட்டி டூட்டியாகவே இருந்தது. அக்காவும் டூட்டி அக்கா ஆகிவிட்டாள்.

நான் அவளுக்கு அடுத்த நாற்காலி. அவள் பேசி முடிப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை, ஆள் குறைந்தால் நானும் போன் பேசுவேன். வாய் சும்மா இருக்காத பிறவி நான், அவளோ தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள், அதனால்தான் எங்களுக்கு ஒத்துப்போனது. எங்கள் முதுகுக்குப் பின்னால் கம்பிவலை அடித்த பெரிய அறை ஒன்று இருக்கிறது. கூண்டு என்போம். வெளிநாட்டுக் கடைகளில் ஆன்லைனில் வாங்கின சாமான்கள் வந்து இறங்கி, டூட்டி கட்டாததால் வாசல் தாண்ட முடியாமல் அதில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பார்சல்களைத் தூக்கி இறக்குகிற ஆளுக்குக் கூண்டுக்காரர் என்று பெயர். மனுஷன் கூண்டுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாளைக்கு எத்தனை பேர் அக்காவைத் திட்டுவார்கள் என்று கணக்கு வைக்க முடியாது. “பணம்தான் கடைக்காரனுக்கே கட்டிட்டேனே, நீ யாரு நடுவுல?” என்பார்கள். சுங்கம் என்று சொல்லிக்கொண்டு போனில் ஏமாற்றுகிற கூட்டம் வேறு ஊரெல்லாம் கிளம்பியிருந்ததால், பாதிப் பேர் அவளைத் திருடி என்றே முடிவுகட்டிவிடுவார்கள். அக்கா குரலை உயர்த்தியதே இல்லை.

“நீங்க கட்டினது சாமானுக்கும் அனுப்பற கூலிக்கும்ங்க. இது எல்லை தாண்டி உள்ள வர்றதுக்கு. கடைக்காரன் அவன் நாட்டு வரியை வாங்கியிருந்தாலும் இது தனி. சாமான் விலைக்கு மட்டும் இல்ல, வந்த கூலிக்கும் இன்சூரன்சுக்கும் சேத்துத்தான் கணக்குப் போடுவாங்க. எனக்குப் பணம் அனுப்பாதீங்க. நேரா ஆபீசுக்கே வந்து கட்டி ரசீது வாங்கிக்குங்க.”

“அது பரிசும்மா. என் மச்சான் எனக்குப் பரிசா அனுப்பினான்.”

“உங்க மச்சான் கையால கட்டி அனுப்பியிருந்தா பரிசுன்னு பாப்பாங்க. கடையிலேருந்து நேரா வந்தா பரிசு ஆகாதுங்க.”

இதை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! எனக்கே தூக்கத்தில் வரும்.

டூட்டி என்று சொன்ன பிறகு மூன்று வழி சொல்ல வேண்டும். கட்டி எடுத்துக்கொள்ளலாம். திருப்பி அனுப்பலாம். இரண்டும் வேண்டாம் என்றால் பார்சலைக் கைவிடலாம். பார்சலுக்கு உரியவர் எதைச் சொல்கிறாரோ அதைப் பதிவாகிற லைனில் அவர் வாயால் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் விதி. எங்களுக்குக் கொடுத்திருக்கிற தாளில் “கைவிடுகிறீர்களா?” என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அப்படியேதான் கேட்போம். அக்கா மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டாள். “வேணாம்னு விட்டுடறீங்களா?” என்பாள். மேனேஜர் இரண்டு தடவை கண்டித்தார். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அதையேதான் கேட்டாள்.

காரணம் எனக்குத் தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள். மகன் நடை பழகுகிற வயதில் புருஷன் வேலை தேடிப் போகிறேன் என்று போனவர்தான், ஆள் வரவில்லை, தகவலும் வரவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, உதவித்தொகை வாங்க, வாடகைக்கு வீடு பிடிக்க என்று எங்கே போனாலும் அவளிடம் ஒரு சான்றிதழ் கேட்டார்கள். அதில் ‘கணவனால் கைவிடப்பட்டவர்’ என்று முத்திரை குத்தியிருக்கும். அதை நீட்டி நீட்டித்தான் அந்தப் பிள்ளையை ஆளாக்கினாள். “சாமான் மாதிரி எழுதியிருந்தாங்கடி. அந்த வார்த்தைய இனிமே என் வாயால சொல்றதில்லன்னு வச்சுட்டேன்” என்றாள் ஒரு நாள், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே.

பிள்ளை கெட்டிக்காரன். படிக்கிற காலத்திலேயே வெளிநாட்டுக் கடைகளில் எதையாவது வாங்கிப் போட்டுவிடுவான். அப்போது அவனுக்கு அடையாள அட்டை கிடையாது என்பதால் பார்சல் அக்கா பெயரில்தான் வரும், டூட்டியும் அக்கா தலையில்தான் விடியும். அலுத்துக்கொண்டே கட்டுவாள், அதில் ஒரு பெருமையும் இருக்கும். அப்புறம் அவனே ஒரு பார்சல் மாதிரி கடல் தாண்டிப் போய்விட்டான். அங்கேயே படிப்பு, அங்கேயே வேலை. போன் செய்வான். “வேலையா இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்” என்பான். அவனுடைய ‘அப்புறம்’ எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது. அக்காவுக்குச் செலவுக்குக் குறை வைக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். கெட்டவன் இல்லை.

அக்கா டயர்க் கடைக்கு மேலே ஒரே ஓர் அறையில் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும் அக்கா என்று கேட்டால், “துணி துவைப்பேன், காயறதப் பாத்துக்கிட்டிருப்பேன்” என்பாள். ஹெட்போன் மாட்டி மாட்டி ஒரு காது மந்தமாகிவிட்டதால் சொந்தப் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். ஆனால் அந்தப் போன் பெரும்பாலும் பைக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். ஒரு தடவை தானாகவே சொன்னாள்:

“தனியா சாப்பிடறது பழகிடுச்சுடி. தனியா படுக்கறதும் பழகிடுச்சு. காலையில வீட்டப் பூட்டறப்போதான் ஒரு மாதிரி இருக்கு. ‘போயிட்டு வரேன்’னு சொல்ல வாய் வரும். யாருகிட்ட சொல்றது? பூட்டுகிட்டயா?”

என் வீட்டில் நான் கிளம்பும்போது புருஷன், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று வாசல் நிறைய ஆள். அவசரத்தில் ஒருத்தருக்கும் சொல்லாமல்தான் ஓடிவருவேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பார்சல் வந்தது.

அன்றைக்கு வந்திறங்கிய சரக்கின் விவரங்கள் என் திரையில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் அக்காவின் சொந்தப் பெயர். அதே பெயரில் வேறு யாராவது இருக்கலாம் என்று பார்த்தால், டயர்க் கடை மாடி என்று முகவரி, அவளுடைய போன் நம்பர். அனுப்பியது மகன் இருக்கிற நாட்டில் ஒரு துணிக்கடை.

“அக்கா, உங்களுக்கு டூட்டி வந்திருக்கு” என்றேன்.

“நான் டூட்டியிலதான்டி இருக்கேன்” என்றாள் திரும்பாமலே.

“அந்த டூட்டி இல்ல. இந்த டூட்டி.”

அவள் வந்து என் திரையைப் பார்த்தாள். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, விதிப்படி, பதிவாகிற லைனில் அந்த நம்பரை அழுத்தினாள். மேஜைக்கு அடியில் அவளுடைய பை அடித்தது. காதில் ஆபீஸ் ஹெட்போன், கையில் பைக்குள்ளிருந்து எடுத்த போன், அவளுக்கே அவள் “ஹலோ” சொன்னதும் கூண்டுக்காரர் வரை எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா சிரித்து நான் முதல் தடவையாகப் பார்த்தேன். பல் எல்லாம் தெரிந்தது.

“என்ன சாமான்னு பாரு” என்றாள்.

“கோட். கம்பளி. ஒண்ணு.”

“பரிசு அனுப்பியிருக்கான்” என்றாள்.

“கடையிலேருந்து நேரா வந்தா பரிசு ஆகாதுங்க” என்று அவள் குரலிலேயே இழுத்துச் சொன்னேன்.

“டூட்டிக்கு ஆகாது. எனக்கு ஆகும்.”

எங்கள் ஊர் வெயிலுக்குக் கம்பளிக் கோட் எதற்கு என்று கூண்டுக்காரர் கேட்டதுதான் தாமதம், அக்கா அதற்குப் பதில் வைத்திருந்தாள். இங்கே போட அனுப்புவானா? அங்கே பனி கொட்டும். அங்கே வரச்சொல்லத்தான் முன்னாலேயே கோட் அனுப்பியிருக்கிறான். சின்னதிலிருந்தே எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் செய்துதான் காட்டுவான். அந்த ஒரு கோட்டை வைத்து அக்கா ஒரு பெரிய கோட்டையே கட்டிவிட்டாள்.

அவனுக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. “எடுக்கமாட்டான். டிக்கெட் போட்டதுக்கு அப்புறம்தான் கூப்பிடுவான்” என்று அதற்கும் ஒரு சமாதானம். பாஸ்போர்ட் எடுக்க எங்கே போக வேண்டும் என்று மேனேஜரிடம் விசாரித்தாள். நீண்ட லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களா என்று கேட்டாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பயணப் பெட்டி விற்கிற கடையில் சக்கரம் வைத்த பெட்டிகளை உருட்டிப் பார்த்தாள். “அங்க போனா நான் என்னடி பண்ணுவேன், மொழி தெரியாதே” என்று கவலைப்படுகிற மாதிரி சொன்னாள், முகத்தில் கவலை இல்லை. எனக்கு உள்ளுக்குள் உதைத்துக்கொண்டே இருந்தது. ஆனால் அந்தப் பல்லைப் பார்த்த பிறகு யாருக்கு மனசு வரும்?

கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் இடித்தது.

ஒவ்வொரு சாமானுக்கும் சுங்கப் புத்தகத்தில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை வைத்துத்தான் எவ்வளவு டூட்டி என்று முடிவாகும். துணிமணியில் ஆண்களுடையதற்கு ஓர் எண், பெண்களுடையதற்கு அடுத்த எண். டூட்டி இரண்டுக்கும் ஒன்றுதான், இருந்தாலும் எண்ணைச் சரியாகப் போட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அக்காதான். அவள் பெயரில் வந்த கோட்டுக்குக் கடைக்காரன் போட்டிருந்தது ஆண்களுடைய எண்.

“அக்கா, எண்...”

“பாத்தேன். தப்பாப் போட்டிருக்கான். மாத்து.”

“பிரிச்சுப் பாத்துட்டு மாத்தலாமேக்கா.”

“இந்தக் கடைக்காரனுங்களுக்கு என்னடி தெரியும்? கவுனுக்குக் குடை எண்ணைப் போட்டு அனுப்பினவனுங்கதானே? மாத்துன்னா மாத்து.”

பிரித்துப் பார்க்காமல் அக்கா எண்ணை மாற்றச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாருடைய பார்சலிலும் ஒரு புள்ளியைக்கூட ஊகத்தில் தொடமாட்டாள். நான் மாற்றினேன். எண் மாறினால் சுங்க அதிகாரி நேரில் வந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்துத்தான் விடுவார் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டூட்டியைக் கட்டி அன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப் போயிருக்க வேண்டிய பார்சல், அதனால் கூண்டிலேயே தங்கிவிட்டது. அக்கா போகும்போதும் வரும்போதும் கம்பிவலை வழியாக அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

அதிகாரி வந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். கூண்டுக்காரர் பெட்டியைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துப் பிரித்தார். மெல்லிய காகிதத்தை விலக்கினால், கருநீலத்தில் கனமான கோட், நல்ல துணி. அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள், ஆனால் தொடவில்லை.

அதிகாரி கோட்டை மேஜையில் விரித்து, இரண்டு முன்பக்கத்தையும் சேர்த்துப் பொத்தான் போட்டார்.

“எண்ணை யாரு மாத்தினது?”

“நான்தாங்க சார்” என்றாள் அக்கா.

“இடது பக்கம்தானேம்மா மேல வருது? இடது மேல வந்தா ஆம்பளைங்களுது, வலது மேல வந்தா பொம்பளைங்களுது. புத்தகத்துல இருக்கு. உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“சில கம்பெனி மாத்தித் தைக்கிறாங்க சார்.”

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயரையும் பார்த்தார். அப்புறம் திட்டாமல், சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, “தோளைப் பாருங்கம்மா” என்றார்.

இரண்டு அக்கா அதற்குள் நுழையலாம். அப்போதுதான் அவள் கோட்டைத் தொட்டாள். அதன் ஒரு கையை எடுத்துத் தன் கையோடு வைத்துப் பார்த்தாள். அவளுடைய விரல் நுனி, கோட்டுக் கையின் விளிம்புக்கு ரொம்ப முன்னாலேயே நின்றுவிட்டது.

“அளவு தெரியாம அனுப்பிட்டான் போல” என்றாள். அதிகாரி பழைய எண்ணையே திரும்பப் போட்டுவிட்டு, கையெழுத்திட்டுப் போனார். கூண்டுக்காரர் கோட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். இன்னும் யாருமே போடாத அந்தக் கோட்டில் இல்லாத தூசியை ஏனோ தட்டினார்.

மத்தியானம் அக்காவின் பை அடித்தது, மகன்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள். நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

“அம்மா, சாப்பிட்டியா?”

“ஆச்சுப்பா. நீ?”

“இப்பதான் எழுந்தேன். அம்மா, ஒரு கூத்து நடந்துபோச்சு. இங்க குளிர் ஆரம்பிச்சிருச்சுன்னு ஒரு கோட் ஆர்டர் பண்ணேன். அவசரத்துல ‘வீடு’ன்னு இருந்த அட்ரஸை அழுத்திட்டேன் போல. படிக்கிறப்போ போட்டு வச்ச பழைய அட்ரஸ். உன் பேர்லயே போயிடுச்சு. டூட்டிக்காக நிறுத்தி வச்சிருக்கோம்னு கடைக்காரன் இப்பதான் மெயில் போட்டான். உங்க ஆபீசுக்கே வந்திருக்கும் பாரு.”

“வந்திருக்குப்பா.”

“நீ என்ன, உனக்குன்னு நெனச்சுட்டியா?” என்று சிரித்தான். கள்ளமில்லாத சிரிப்பு, அதுதான் எனக்கு எரிச்சலை மூட்டியது.

“சேச்சே. பாத்ததுமே ஆம்பளைங்க கோட்டுன்னு தெரிஞ்சுபோச்சே. என் வேலையே அதானேப்பா” என்றாள் அக்கா. குரலில் ஒரு பிசிறு இல்லை. தினமும் திட்டு வாங்குகிற குரல் அது, எதையும் தாங்கும்.

“அப்ப சரி. நீ டூட்டி கிட்டி கட்டித் தொலைக்காதே. எனக்குத் திருப்பி அனுப்பவும் வேணாம், இங்க வந்தா இங்கயும் ஒரு டூட்டி போடுவான். கடைக்காரன்கிட்ட பேசிட்டேன், வேற ஒண்ணு அனுப்பறான். அதக் கைவிட்டுடும்மா.”

‘கைவிட்டுடும்மா.’ அவள் சொல்லாத அந்தச் சொல்லை அவன் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான்! அந்தச் சான்றிதழை முதலில் நீட்டின காலத்தில் அவன் இடுப்பில் இருந்த குழந்தை. அவனுக்கு என்ன தெரியும்?

“சரிப்பா.”

“அப்புறம், அந்தப் பழைய அட்ரஸையும் அழிச்சிட்டேன். இனிமே உனக்குத் தொந்தரவு வராது.”

அக்கா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். “எந்த அட்ரஸ்?”

“அதாம்மா, ‘வீடு’ன்னு இருந்தது.”

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமேப்பா.”

“இருந்தா மறுபடியும் இப்படித்தான் ஆகும். அழிச்சு இந்த அட்ரஸைப் போட்டுட்டேன். இதானேம்மா இப்ப வீடு? சரி, மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்.”

போன் அணைந்தது. இத்தனை வருஷமாக அவன் அங்கே போனில் எந்தக் கடையைத் திறந்தாலும் அதில் ஓர் ஓரத்தில் வீடு என்று அவளுடைய டயர்க் கடை மாடி உட்கார்ந்திருக்கிறது. அது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கே அழிந்தும் போனது. அக்கா அழவில்லை. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் அவள் தன் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அன்னைக்குப் பேசினது செல்லாதுடி. நானே கேட்டு நானே பதில் சொன்னா பதிவுல எப்படி எடுப்பாங்க? நீ கூப்பிடு. முறையாக் கேளு.”

“அக்கா, இப்ப வேணாமே.”

“கூப்பிடுடி.”

கூப்பிட்டேன். ஒரே மேஜை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் என் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன், அவள் தன் போனை நல்ல காதில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தோம். வெளிநாட்டுப் பார்சல் ஆபீசிலிருந்து பேசுகிறேன் என்றேன். அவள் பெயர் சொல்லிக் கேட்டேன். ஆமாம் என்றாள்.

“உங்க பேர்ல ஒரு பார்சல் வந்திருக்குங்க. டூட்டி இருக்கு. கட்டி எடுத்துக்கறீங்களா? இல்ல, திருப்பி அனுப்பணுமா? இல்ல...”

என் கண் தாளுக்குப் போனது.

“சொல்லுங்க” என்றாள் அவள், போனில், யாரோ ஒரு வாடிக்கையாளர் மாதிரி. “மூணாவதையும் சொல்லணும். விதி.”

“வேணாம்னு விட்டுடறீங்களா?”

“அப்படி இல்ல. தாள்ல இருக்கிறபடி கேளுங்க.”

“கைவிடறீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் மூச்சு விடுவது ஒரு காதில் போன் வழியாகவும் மறு காதில் பக்கத்திலிருந்தும் கேட்டது.

“நான் யாரையும் கைவிட்டதில்லம்மா” என்றாள் அக்கா. “கட்டறேன். எழுதிக்குங்க.”

அவளுக்கு ஒன்றுக்கும் உதவாத கோட்டுக்கு முழு டூட்டியையும் கட்டினாள். கூண்டுக்காரர் பெட்டியைக் கீழே ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். மேனேஜர் பாஸ்போர்ட் விஷயம் என்னவாயிற்று என்று கேட்க வாயெடுத்தார். நான் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார். மறுநாள் அக்கா வழக்கம்போல வந்தாள், வழக்கம்போலத் திட்டு வாங்கினாள். கோட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

சில வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல். வேலைக்கு வரவில்லை என்றதும் ஆபீஸ் முடிந்து போய்ப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அந்த மாடிப்படியில் நான் ஏறுவது அதுதான் முதல் தடவை. படியெல்லாம் ரப்பர் வாசனை. கட்டில், அடுப்பு, கொடியில் இரண்டு புடவை. உட்கார ஒரே நாற்காலி, அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். வாங்கிப்போன மாத்திரையைக் கொடுத்துவிட்டு, ஆபீஸ் கதையெல்லாம் அளந்துவிட்டு, கிளம்பலாம் என்று திரும்பினேன். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், ஆணியில், அந்தக் கோட் தொங்கிக்கொண்டிருந்தது. பொத்தான் எல்லாம் போட்டு, கை இரண்டும் நேராகத் தொங்க, யாரோ ஆள் நிற்கிற மாதிரியே இருந்தது.

“இதை ஏன்க்கா இங்க மாட்டி வச்சிருக்கீங்க? பெட்டியில போட்டு வைக்கலாமில்ல?”

“இருக்கட்டும்டி” என்றாள். காய்ச்சலில் குரல் கம்மியிருந்தது. “காலையில பூட்டறப்போ போயிட்டு வரேன்னு சொல்றதுக்கு.”